ஒரு திருத்தம், ஐந்து எண்: திறமூல நிரலில் எந்த எண் எதற்கு?

மொரீசியஸின் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தில் கொள்ளுத்தாத்தாவைத் தேடியவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வேலை நடக்காது. கப்பலில் ஏறியவர் ராமசாமி. எழுத்தர் காதில் விழுந்தபடி ஒரு பதிவில் ராம்சாமி, இன்னொன்றில் ராமசாவ்மி, பிள்ளையின் பிறப்புப் பதிவில் வேறொன்று. நடுவில் சம்பந்தமே இல்லாத பத்து ராமசாமிகள். கைகொடுப்பது எண்தான். 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய தீவு இது. வந்தவருக்கு ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அப்புறம் தோட்டம் மாறியது, முதலாளி மாறினார், பெயரின் எழுத்துத் திரிந்தது. எண் கூடவே போனது.

மென்பொருள் நிரலில் செய்யும் திருத்தங்களுக்கும் இப்படி எண் உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒன்றல்ல, பல. 2025 மார்ச்சில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஆயிரக்கணக்கான திட்டங்கள் பயன்படுத்திய ஒரு கருவியில் விஷ நிரல் புகுந்தபோது ‘டேக்கை நம்பாதீர்கள், ஹாஷைப் போடுங்கள்’ என்றார்கள். அடுத்த மாதமே, பாதுகாப்பு ஓட்டைகளுக்குச் சிவிஇ எண் வழங்கும் திட்டத்துக்குப் பணம் நிற்கப்போகிறது என்று பரபரப்பு. எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில், யாரும் பார்க்கவும் திருத்தவும் நிரலைத் திறந்து வைத்திருக்கும் திறமூலத் திட்டங்களுக்கு நிரல் அனுப்பிப் பார்க்கும் பிள்ளைகளுக்கோ, முதல் முயற்சியிலேயே ‘சேஞ்ச் ஐடி இல்லை’ என்று வாசலில் தடை. டேக், ஹாஷ், சிவிஇ, சேஞ்ச் ஐடி, புல் ரிக்வெஸ்ட் எண்: எதற்கு இத்தனை என்று கேட்பது நியாயம்தான்.

ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் பிறந்தது. வேறு கேள்வியை அதனிடம் கேட்டாலும் பதில் வரும், தப்பான பதில். தப்பு என்று பார்த்தவுடன் தெரியாது என்பதுதான் ஆபத்து.

கமிட் என்றால் என்ன?

திறமூலத் திட்டம் என்பது பல ஊர்களில் இருக்கும் பலர், பெரும்பாலும் முகம் பார்க்காதவர்கள், ஒரே நிரலைத் திருத்துவது. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதை எழுதி வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் குழம்பிவிடும். அந்தக் கணக்கை வைக்கும் மென்பொருளுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பெயர். இன்று பெரும்பாலும் அது கிட். கணக்கில் எழுதும் ஒரு பதிவு கமிட். கணக்குப் புத்தகம் களஞ்சியம்.

கமிட்டுக்கு எண் கொடுக்கும் முறை காலப்போக்கில் மாறி வந்தது. பழைய சிவிஎஸ் அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண்: 1.1, 1.2, 1.3. ஒரே திருத்தம் பத்துக் கோப்புகளைத் தொட்டால் பத்து எண்; அவை ஒரே வேலை என்று சொல்ல எதுவும் இல்லை. 2004இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த சப்வெர்ஷன் இதைச் சரிசெய்தது. களஞ்சியம் முழுவதற்கும் ஒரே வரிசை எண். 1500ஆம் திருத்தம் என்றால் எல்லாருக்கும் அதுதான் 1500. வாயால் சொல்லலாம், போனில் சொல்லலாம், எது முந்தியது என்று பார்த்தவுடன் தெரியும்.

இவ்வளவு வசதியான முறையை ஏன் விட்டார்கள்? வரிசை எண் கொடுக்க ஒருவர் கவுண்டரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மைய சர்வர், அதோடு இணைப்பு. டோக்கன் கொடுப்பவர் இல்லையென்றால் வரிசையும் இல்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காகக் கிட்டை எழுதியபோது மையமே வேண்டாம் என்று வைத்தார். ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் களஞ்சியம். இணையம் இல்லாத பஸ்ஸில் உட்கார்ந்தும் கமிட் செய்யலாம். அப்படியானால், ஒருவரையொருவர் கேட்காமல் ஆளாளுக்கு எண் போட்டும் இரண்டு எண்கள் மோதக்கூடாது. அது எப்படி?

ஹாஷ்: உள்ளடக்கத்திலிருந்து பிறக்கும் எண்

விடை, எண்ணை யாரும் கொடுப்பதில்லை, கமிட்டிலிருந்தே கணக்கிடுகிறார்கள். கமிட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஷா-1 என்ற கணித அரைவையில் போட்டால் 40 எழுத்து நீளத்தில் ஒரு சரம் வரும். 0 முதல் 9 வரை இலக்கங்களும் ஆங்கில அரிச்சுவடியின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்தது. இதுதான் ஹாஷ். உள்ளே போவது ஒரு புள்ளி மாறினாலும் வெளியே வருவது அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

அரைவைக்குள் போவது எவை என்பதுதான் முக்கியம். பலர் நினைப்பது போல நிரல் மட்டும் அல்ல:

1. அந்தக் கணத்தில் திட்டத்தின் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தன என்பதன் ஹாஷ்.
2. இதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷ். தாய்க் கமிட் என்பார்கள்.
3. எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், எழுதிய நேரம், நேர மண்டலம்.
4. களஞ்சியத்தில் ஏற்றியவரின் பெயர், மின்னஞ்சல், ஏற்றிய நேரம். எழுதியவரும் ஏற்றியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.
5. விளக்கக் குறிப்பு.

இரண்டாவது புள்ளியில்தான் கிட்டின் பலம் இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டும் முந்தையதன் ஹாஷைச் சுமப்பதால், நடுவில் எங்கோ ஒரு பழைய கமிட்டைக் கள்ளத்தனமாக மாற்றினால் அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் எண்ணும் மாறியாக வேண்டும். கடைசி எண் சரியாக இருந்தால் முழு வரலாறும் சரி.

மூன்றாவதில் ஒரு சின்ன வேடிக்கை. மொரீசியஸிலிருந்து செய்யும் கமிட்டில் நேரத்தின் பின்னால் +0400 என்று இருக்கும். 2008 அக்டோபர் இறுதியிலிருந்து 2009 மார்ச் இறுதி வரை நம் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கைவிட்டார்களே, நினைவிருக்கும். அந்தக் கோடையில் இங்கே செய்த கமிட்டுகளில் +0500 என்று இருக்கும். அதை இப்போது ‘சரிசெய்ய’ முடியாது. ஓர் இலக்கம் மாறினால் ஹாஷ் மாறும், அதன் பின்னால் உள்ள சங்கிலியும் மாறும்.

ஒரு திருத்தம் போகும் பாதை

கற்பனையாக ஒரு திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒருவர், ஓர் அலுவலக மென்பொருளில் ரூபாய்த் தொகையைத் தமிழில் காட்டும் இடத்தில் ஒரு குறையைப் பார்க்கிறார். ‘ரூ’ வரியின் கடைசியில் தொங்குகிறது, 500 அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. காரணம், இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாதாரண இடைவெளி. அங்கே வரி உடையாத இடைவெளியைப் போட வேண்டும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரே ஓர் எழுத்துதான் திருத்தம்.

அது போகும் வழியைப் பாருங்கள்:

1. திங்கள் மாலை கமிட் செய்கிறார். ஹாஷ் 4071593 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.
2. மறுபார்வை செய்பவர், ‘சோதனை நிரல் ஒன்றும் சேருங்கள்’ என்கிறார். சேர்க்கிறார். கோப்புகள் மாறியதால் புது ஹாஷ்: 8825016.
3. அதற்குள் மற்றவர்களின் இருபது கமிட்டுகள் ஏறிவிட்டன. தன் வேலையைப் புதிய நுனியின் மேல் எடுத்து வைக்கிறார். ரீபேஸ் என்பது இதுதான். அவர் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் தாய்க் கமிட் மாறிவிட்டது. ஹாஷ் 6390274.
4. பராமரிப்பாளர் பெர்லினில் உட்கார்ந்து அதை ஏற்றுக் களஞ்சியத்தில் ஏற்றுகிறார். எழுதியவர் நேரம் +0400 என்றே இருக்கும். ஏற்றியவர் பெயரும் நேரமும் புதிது. ஹாஷ் 1957730.
5. பழைய பதிப்பைப் பயன்படுத்துபவர்களுக்கும் இந்தத் திருத்தம் வேண்டும் என்று, பழைய பதிப்புக்கான தனி வரிசையான பழைய கிளையிலும் நகலெடுத்து ஒட்டுகிறார்கள். ஹாஷ் 7264108.

ஒரே இடைவெளி, ஐந்து எண். ரோஸ் ஹில்காரர் இரண்டு மாதம் கழித்து ‘என் 4071593 ஏறிவிட்டதா?’ என்று களஞ்சியத்தில் தேடினால், இல்லை என்றுதான் வரும். ஏறியிருக்கிறது, அந்த எண்ணில் இல்லை.

ஹாஷ் பதில் சொல்லும் கேள்வி, ‘இது எழுத்துக்கு எழுத்து அதுவேதானா?’ என்பது. அதற்கு அதைவிட நல்ல பதில் வேறு எதுவும் சொல்லாது. ‘இது அதே வேலையின் தொடர்ச்சியா?’ என்ற கேள்வி அதற்குப் புரியாது. மூன்றாம் படியில் நிரல் அப்படியே இருந்தும் ‘வேறு ஆள்’ என்று சொல்லிவிட்டது அல்லவா?

வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறையும் கிட்டிலேயே உண்டு; பேட்ச் ஐடி என்று பெயர். வரி எண்ணையும் வெற்று இடைவெளிகளையும் விட்டுவிட்டு, எது சேர்ந்தது, எது போனது என்பதை மட்டும் அரைத்து எண் தரும். ரீபேஸைத் தாங்கும். ஆனால் இரண்டாம் படியில் சோதனை நிரல் சேர்த்ததும் அதுவும் மாறிவிடும். நம் உதாரணத்தில் இன்னொரு கூத்து: சாதாரண இடைவெளியைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதன் கண்ணில் படாது. இடைவெளியே விஷயமாக இருக்கும் திருத்தத்தை அதனிடம் ஒப்படைக்க நான் யோசிப்பேன்.

சேஞ்ச் ஐடி: முதல் நாளே ஒட்டும் எண்

ஆண்ட்ராய்டு வேலைக்காகக் கூகுளில் உருவான கெரிட் என்ற மறுபார்வைக் கருவி இதற்கு வேறு வழி கண்டது. அதற்கு முன்னோடி, பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் எழுதிய ரீட்வெல்ட். கெரிட் ரீட்வெல்ட் என்பவர் நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர். குடும்பப் பெயரை முதல் கருவியும் முதற்பெயரை இரண்டாவதும் எடுத்துக்கொண்டன. இன்று லிப்ரே ஆபீஸ், குரோமியம், கோ மொழி, ஓப்பன்ஸ்டாக், விக்கிப்பீடியாவுக்குப் பின்னால் இருக்கும் மீடியாவிக்கி எல்லாம் கெரிட் வழியாகவே நடக்கின்றன.

கெரிட்டின் யோசனை, மோக்காப் பதிவேட்டின் யோசனையேதான். முதல் கமிட் செய்யும்போதே, ஒரு சின்ன நிரல் தானாக ஓடி, ஓர் எண்ணை உருவாக்கி விளக்கக் குறிப்பின் கடைசிப் பத்தியில் ஒட்டிவிடுகிறது. அதுதான் சேஞ்ச் ஐடி. கமிட் ஹாஷோடு குழம்பாமல் இருக்க ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’யில் தொடங்கும், அப்புறம் 40 எழுத்து. அதற்குப் பின் நிரலைத் திருத்துங்கள், ரீபேஸ் செய்யுங்கள், குறிப்பின் முதல் வரியை மாற்றுங்கள். கடைசி வரியைத் தொடாதவரை கெரிட் ‘இது அதே வேலையின் அடுத்த வடிவம்’ என்று புரிந்துகொள்ளும். நம் உதாரணத்தின் முதல் மூன்று ஹாஷ்களும் அங்கே ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஐந்தாவதான பழைய கிளை நகலும் அதே சேஞ்ச் ஐடியைச் சுமக்கலாம். கெரிட் திட்டம், கிளை, சேஞ்ச் ஐடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதால் குழப்பம் வராது.

புதியவர்கள் விழும் குழிகள்:

1. ஒட்டும் நிரல் ஒவ்வொரு நகல் களஞ்சியத்திலும் தனியாக நிறுவப்பட வேண்டும். களஞ்சியத்தை நகலெடுத்தால் கூடவே வராது. ‘சேஞ்ச் ஐடி இல்லை’ என்ற தடைக்கு பத்தில் எட்டு முறை காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.
2. திருத்தும்போது முழுக் குறிப்பையும் அழித்துப் புதிதாக எழுதினால் பழைய எண் போய்ப் புது எண் ஒட்டிக்கொள்ளும். பழைய உரையாடல் ஒரு பக்கத்தில் அநாதையாக, புது வேலை இன்னொரு பக்கத்தில்.
3. இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். பழைய கமிட்டின் குறிப்பை அப்படியே நகலெடுத்து வேறொரு வேலைக்கு ஒட்டினால், சம்பந்தமில்லாத நிரல் பழைய திருத்தத்தின் ‘இரண்டாம் வடிவம்’ என்று போய் நிற்கும். அண்ணன் எண்ணில் தம்பி இறங்கிய கதை.

மூன்றாவது குழியே இந்த முறையின் பலவீனத்தையும் காட்டுகிறது. ஹாஷைப் பொய்யாக எழுத முடியாது. கணக்கிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும். சேஞ்ச் ஐடி வெறும் ஒட்டுச்சீட்டு. யாரும் எதிலும் ஒட்டலாம். அதனால் அது தொடர்ச்சிக்குச் சாட்சி, உண்மைக்குச் சாட்சி அல்ல.

கர்னல்காரர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

லினக்ஸ் கர்னலுக்குத் திருத்தம் அனுப்பும்போது சேஞ்ச் ஐடி வரி இருந்தால், அனுப்புவதற்கு முன் ஓட்டும் செக்பேட்ச் என்ற சோதனை நிரல் ‘இதை நீக்கு’ என்று பிழை காட்டும். ஒரே பொருளை ஓரிடம் கட்டாயமாக்குகிறது, இன்னோரிடம் தடை செய்கிறது.

காரணம் கேட்டால் புரியும். கெரிட் சர்வர் இருக்கும் இடத்தில்தான் அந்த 41 எழுத்துக்கு அர்த்தம். கர்னல் வேலை மின்னஞ்சலில் நடக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஏற்கெனவே தனி எண் உண்டு. ஏற்றும்போது அந்த மின்னஞ்சலுக்கான இணைப்பைக் குறிப்பில் சேர்த்துவிட்டால் போதும், படிப்பவர் நேராக விவாதத்துக்கே போய்விடலாம். எங்கும் கொண்டுபோகாத எண் குப்பை என்பது அவர்கள் கட்சி.

அதே சமயம், பேட்ச் என்னும் திருத்தங்களின் தொடர்களைத் தயாரித்து அனுப்ப அவர்கள் பயன்படுத்தும் பி4 என்ற கருவி, தொடரின் முகப்புக் கடிதத்தில் தன் பங்குக்கு ஒரு சேஞ்ச் ஐடியைப் போட்டுத்தான் இரண்டாம் வடிவத்தையும் மூன்றாம் வடிவத்தையும் முதலாவதோடு சேர்க்கிறது. வாசலில் விரட்டியது கொல்லைப்புறமாக வந்துவிட்டது. ஒரு வித்தியாசம்: உறையின் மேல் இருக்கிறது, கமிட்டுக்குள் இல்லை.

கர்னல்காரர்கள் செய்த உண்மையான முன்னேற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பிழையைத் திருத்துபவர், அந்தப் பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹாஷை ‘ஃபிக்சஸ்’ என்ற வரியில் எழுத வேண்டும். முதல் 12 எழுத்தும், பின்னால் அந்தக் கமிட்டின் தலைப்பும். பார்க்கச் சாதாரண வரி. ஆனால் பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர் அதைக் கொண்டு ‘பிழை எந்தக் கிளைகளில் நுழைந்தது, ஆகவே மருந்து எந்தக் கிளைகளுக்கு வேண்டும்’ என்று கணினியையே கணக்கிடச் சொல்லலாம். பழைய கிளையில் ஒட்டும்போது ‘மேலே உள்ள இன்ன கமிட்’ என்று மூலத்தின் முழு ஹாஷையும் முதல் வரியில் எழுதுகிறார்கள். ஐந்தாவது எண் நான்காவதைச் சுட்டுகிறது. எண்கள் பலவாக இருப்பதைத் தவிர்க்காமல், ஒன்றையொன்று சுட்ட வைத்துவிட்டார்கள்.

தலைப்பையும் ஏன் எழுத வேண்டும்? 12 எழுத்துச் சுருக்கம் என்றைக்கும் போதும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் கீஸ் குக் என்ற கர்னல் நிரலாளர், 2005இல் கிட்டில் பதிவான லினக்ஸின் முதல் கமிட்டுக்கு உள்ள அதே முதல் 12 எழுத்துகள் வரும்படி வேண்டுமென்றே ஒரு கமிட்டை உருவாக்கிக் காட்டினார். அதைப் பார்த்து எந்தெந்தக் கருவிகள் தடுமாறுகின்றன என்று சோதிக்கத்தான்.

திரும்பப் பெற்றாலும் அழியாது

நம் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறிப்போக, இங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சாகின. ஆனால் 1998 நோட்டு நடக்கவே இல்லை என்று ஆகிவிடவில்லை. சேகரிப்பவர்கள் கையில் இன்றும் இருக்கிறது.

கிட்டில் ஒரு கமிட்டைத் திரும்பப் பெறுவதும் இப்படித்தான். பழையது அழியாது. அதற்கு நேர் எதிரான மாற்றத்தோடு புதிதாக ஒரு கமிட் எழுதி, ‘இன்ன கமிட்டைத் திருப்புகிறது’ என்று பழைய ஹாஷைக் குறிப்பில் போடுவார்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால், ஒரு வருஷம் கழித்துப் பழைய கமிட்டைப் பார்ப்பவர் ‘அதுதான் ஏறியிருக்கிறதே’ என்று நினைத்துக்கொள்வார்.

பாதுகாப்புச் செய்திகளில் வரும் எண்கள்

இப்போது 2025 மார்ச் விவகாரத்துக்கு வருவோம். டிஜே-ஆக்ஷன்ஸ் என்ற பெயரில் கிட்ஹப்பில் இருந்த ஒரு கருவியை 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்தின. அதில் புகுந்தவர்கள், ஏறக்குறைய எல்லாப் பதிப்பு டேக்குகளையும் தங்கள் விஷ கமிட்டை நோக்கித் திருப்பிவிட்டார்கள். ‘பதிப்பு 35’ என்று டேக்கை எழுதி வைத்தவர்களுக்கு, அவர்கள் எதையும் மாற்றாமலேயே விஷம் வந்தது. கருவி ஓடிய விவரங்களை எழுதும் பதிவுகளில் கடவுச்சொற்கள் கொட்டின. பழைய கமிட்டின் முழு ஹாஷை எழுதி வைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டேக் என்பது கதவில் ஒட்டிய பெயர்ப்பலகை. ஹாஷ் வீட்டின் கைரேகை. பலகையைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டலாம். அதனால் ஹாஷைப் போடச் சொன்னது சரியான யோசனை. அதற்கும் ஒரு விலை உண்டு: கைரேகை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. கருவியில் உண்மையான பாதுகாப்புத் திருத்தம் வரும்போது, ஹாஷை மாற்றாதவர் பழைய ஓட்டையோடேயே இருப்பார்.

ஹாஷ் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளில் ஒளித்து வைத்த பின்கதவு நினைவிருக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்தவர் அவர். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் விஷத்தை எழுப்பிவிடும் முக்கியமான துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. கமிட்டுகளை எவ்வளவு பார்த்தாலும் அந்தத் துண்டு கண்ணில் படாது. களஞ்சியத்தின் எண்ணையும் கையில் கிடைக்கும் பொட்டலத்தையும் கட்டிப்போடும் கயிறு அங்கே இல்லை.

சிவிஇ எண் இன்னொரு ரகம். 1999 முதல் மைட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் திட்டம் அது. எக்ஸ்இசட் பின்கதவு சிவிஇ-2024-3094; டிஜே-ஆக்ஷன்ஸ் சிவிஇ-2025-30066. இது திருத்தத்துக்கான எண் அல்ல, ஓட்டைக்கான எண். ஓர் ஓட்டையை அடைக்க நான்கு கமிட் வேண்டியிருக்கலாம். நடுவில் இருக்கும் ஆண்டு, ஓட்டை நிரலில் நுழைந்த ஆண்டாகவோ அடைபட்ட ஆண்டாகவோ இருக்க வேண்டியதில்லை. பொதுவாக எண் ஒதுக்கிய ஆண்டையோ ஓட்டை வெளியே தெரிந்த ஆண்டையோ சுட்டுவது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கர்னல் குழு தன் ஓட்டைகளுக்குத் தானே சிவிஇ வழங்கும் உரிமையைப் பெற்றது. அவர்கள் வழங்கும் ஒவ்வோர் எண்ணோடும் எந்தக் கமிட் அடைத்தது என்ற ஹாஷ் வருகிறது. முன்பு ஆளாளுக்குத் தேடித் திரிந்த தொடர்பு இது.

2025 ஏப்ரலில் மைட்டருக்கான அரசு ஒப்பந்தம் முடியும் நாள் நெருங்கி, கடைசி நேரத்தில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமை நீட்டித்தது. அந்த இரண்டு நாள் பதற்றம், ஒதுக்கித் தரும் எண்ணுக்கெல்லாம் உள்ள ஒரு நோயைக் காட்டியது: பதிவேட்டை வைத்திருப்பவர் கடையை மூடினால் என்ன ஆகும்?

பதிவேடு யார் வீட்டில்?

இந்தக் கேள்வி அன்றாட வேலையிலும் உண்டு. கிட்ஹப்பில் ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட்; ‘புல் ரிக்வெஸ்ட் 412’ என்று ஒருவர் எழுதுகிறார். ஏற்றும்போது அவருடைய பல கமிட்டுகளை ஒன்றாக நசுக்கி ஒரே கமிட்டாக்கி, தலைப்பின் கடைசியில் 412 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த வேலையின் படிப்படியான வரலாறும், ஏன் இப்படி என்ற விவாதமும் 412ஆம் பக்கத்தில் மட்டும்தான். களஞ்சியத்தை நகலெடுத்தால் நிரல் வரும், எண் வரும், பக்கம் வராது. கிட்ஹப் போன்ற தளமான கூகுள் கோட் 2016இல் மூடியது. அதே வகைத் தளமான பிட்பக்கெட் 2020இல், கிட் போன்ற இன்னோர் அமைப்பான மெர்குரியலின் களஞ்சியங்களைக் கைவிட்டது. அங்கே இருந்த இப்படிப்பட்ட எண்களின் கதி என்ன என்று அதைப் பயன்படுத்தியவர்களைக் கேட்க வேண்டும்.

நல்ல குடிபெயர்வு எப்படி இருக்கும் என்பதற்குப் பைத்தானைச் சொல்லலாம். 2022 ஏப்ரலில் அவர்கள் வழுப் பட்டியலைப் பழைய இடத்திலிருந்து கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். புது இடத்தில் புது எண்கள். ஆனால் கமிட் குறிப்புகளில் பழைய பட்டியலுக்கு ‘பிபிஓ’, புதியதற்கு ‘ஜிஎச்’ என்று முன்னொட்டு வைத்துவிட்டார்கள். எண்ணோடு சேர்த்து எந்தப் பதிவேடு என்பதையும் எழுதும் பழக்கம் இருந்ததால் பிழைத்தது. வெறும் எண் மட்டும் இருந்திருந்தால் பழைய ராமசாமியும் புது ராமசாமியும் ஒருவராகியிருப்பார்கள்.

நம் தீவிலிருந்து ஹேக்கர்ஸ்.எம்யூ குழுவினர் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஹேக்கத்தான்களில் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறைக்காக வேலை செய்தார்கள். பல திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்பும் அப்படிப்பட்ட வேலையில் இந்தத் தலைவலி முழுசாகத் தெரியும். நோக்கம் ஒன்று, திட்டம் பல. ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, தனிப் பதிவேடு. எல்லாவற்றையும் கட்டும் ஒரே எண் எங்கும் கிடையாது.

வீடு மாறினாலும் மாறாத எண் வேண்டும் என்றால் மறுபடி ஹாஷுக்குத்தான் வர வேண்டும். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்த சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகம், பொதுவெளி நிரல்களையெல்லாம் சேமித்து, ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் கமிட்டுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம் தருகிறது. 2025இல் அந்த அடையாள முறை ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. நிரல் எந்த சர்வரில் இருந்தாலும் அடையாளம் ஒன்றே.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்க்கும் கருவிகளும் வருகின்றன. ஜுஜுட்சு என்ற புதிய அமைப்பில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண்: மாறும் கமிட் எண், மாறாத சேஞ்ச் எண். கண் குழம்பாமல் இருக்க, சேஞ்ச் எண்ணை ஆங்கில அரிச்சுவடியின் ‘கே’ முதல் ‘இசட்’ வரையிலான எழுத்துகளில் மட்டும் காட்டுகிறது. ஹாஷில் அந்த எழுத்துகளே வராது. சின்ன யோசனைதான், ஆனால் அதைப் பார்த்தபோது இதை ஏன் முன்பே யாரும் செய்யவில்லை என்று தோன்றியது.

ஹாஷே மாறினால்?

கடைசியாக, ஹாஷின் அடித்தளமே ஆடிய கதை. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து, வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே ஷா-1 ஹாஷ் வருவதைக் காட்டின. அடுத்த நாட்களில், இணைய உலாவிகளுக்கான வெப்கிட் திட்டத்தார் அந்தக் கோப்புகளைச் சோதனைக்காகத் தங்கள் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் போட, களஞ்சியமே முடங்கியது. கிட் அதே ஆண்டு மே மாதம், இப்படிப்பட்ட தாக்குதலின் சாயலைக் கண்டுபிடித்து மறுக்கும் ஷா-1 வடிவத்துக்கு மாறியது. 2020இல் 64 எழுத்து நீளமுள்ள ஷா-256க்கும் சோதனை அளவில் இடம் கொடுத்தது. வரப்போகும் கிட் 3.0இல் புதிதாகத் தொடங்கும் களஞ்சியங்களுக்கு அதுவே இயல்பு முறை என்பது திட்டம்.

பழைய களஞ்சியங்கள் தானாக மாறா. மாற்ற நினைப்பவர்கள் முன்னால் இரண்டு வேலை. ஒன்று, ஒவ்வொரு கமிட்டின் எண்ணையும் புதிதாகக் கணக்கிடுவது. அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். இரண்டாவது கடினம். இருபது ஆண்டுகளாக ஃபிக்சஸ் வரிகளிலும், ‘இன்ன கமிட்டைத் திருப்புகிறது’ குறிப்புகளிலும், சிவிஇ பதிவுகளிலும், வழுப் பட்டியல்களிலும், மின்னஞ்சல்களிலும் மனிதர்கள் கைப்பட எழுதிய பழைய 40 எழுத்து எண்கள் அப்படியே இருக்கும். அவற்றைத் திருத்த முடியாது. அதனால் கிட்டின் மாற்றத் திட்டத்தில், எந்தப் பழைய எண்ணுக்கு எந்தப் புது எண் என்று இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய ஓர் ஒப்புப் பட்டியலைக் களஞ்சியத்தோடேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.